ஒரே கட்டில், இரண்டு மெத்தை

தாண்டிக்குடியில் இரண்டு நாளாக ஒரே மூட்டம். தோட்டங்களில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கிவிட்டது.

இந்தத் தடவை மெத்தையைப் பற்றி எழுதப்போகிறேன். டீச்சருக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று சிரிக்காதீர்கள். என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகளுக்கே கல்யாணம் நடக்கிற காலம் இது. தை முகூர்த்தத்துக்கு இப்போதே கட்டில், பீரோ, மெத்தை என்று சீர் சாமான் பார்க்கிறார்கள். போன மாதத்தில் மட்டும் மூன்று பேர் போன் செய்து இதைப்பற்றிப் பேசினார்கள். ஒருத்தி மகளுக்குச் சீர் வாங்க நினைக்கிறாள். ஒருவன் ஊரில் இருக்கிற வயதான அப்பா அம்மாவுக்கு வாங்கித் தரப்போகிறான். இன்னொருவன் தனக்கும் மனைவிக்கும். மூன்று பேருக்கும் சிக்கல் ஒன்றுதான். "டீச்சர், ஒருத்தருக்குக் கெட்டியா இருந்தாத்தான் தூக்கம் வருது, இன்னொருத்தருக்கு மெத்துன்னு வேணும். எதை வாங்குறது?"

மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில்: இரண்டு பேருக்கும் பிடிக்கிற ஒரு மெத்தையைத் தேடி அலையாதீர்கள். ஒரே கட்டிலில் இரண்டு மெத்தை போடுங்கள். அவரவர் பக்கம் அவரவருக்கு ஏற்றது. இது என் உறுதியான கருத்து. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எட்டாம் வகுப்பு அறிவியலில் விசையும் அழுத்தமும் படித்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரே விசை சிறிய பரப்பில் விழுந்தால் அழுத்தம் அதிகம், பெரிய பரப்பில் பரவினால் குறைவு. புத்தகப் பையின் வார் அகலமாக இருந்தால் தோள் வலிக்காது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பேன். படுக்கைக்கும் அதே பாடம்தான். ஒருக்களித்துப் படுப்பவரின் எடையில் பெரும்பகுதி தோள்பட்டை, இடுப்பு எலும்பு என்கிற இரண்டு இடங்களில் விழுகிறது. மெத்தை கெட்டியாக இருந்தால் அந்த இரண்டு இடமும் அமுங்க வழியில்லாமல் வலிக்கும், கை மரத்துப்போகும். கொஞ்சம் மெத்தென்று இருந்தால் தோளும் இடுப்பும் உள்ளே இறங்கி, முதுகெலும்பு நேராக நிற்கும். மல்லாந்து படுப்பவருக்குக் கதை வேறு. அவருக்கு மெத்தை மிகவும் இளகியிருந்தால் இடுப்பு குழியில் இறங்கி, உடம்பு தூளி போல வளையும். காலையில் எழுந்தால் இடுப்புப் பிடிப்பு. குப்புறப் படுப்பவருக்கு இன்னும் கெட்டியாக வேண்டும்.

எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிலோ உள்ளவர் படுத்து அமுங்காத மெத்தையில் எண்பத்தைந்து கிலோ உள்ளவர் படுத்தால் நன்றாக அமுங்கும். அதாவது, கடையில் 'மீடியம்' என்று எழுதி ஒட்டியிருக்கிற அதே மெத்தை மனைவிக்குப் பலகையாகவும் கணவருக்குப் பஞ்சாகவும் இருக்கும். இதில் யார் சொல்வதும் பொய் இல்லை. உடம்பு வேறு, படுக்கும் விதம் வேறு, வலிக்கிற இடம் வேறு. ஒரே அளவுச் செருப்பை இரண்டு பேருக்கும் வாங்குவதில்லையே.

இங்கே பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள்: "கட்டாந்தரையில் படு, முதுகுவலி தானாப் போகும்." முதுகுவலி என்று போனால் டாக்டர்களும் வெகுகாலம் பலகையில் படுக்கச் சொன்னார்கள். இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கெட்டி மெத்தையும் மறுபாதிக்கு நடுத்தர மெத்தையும் கொடுத்து, 90 நாள் கழித்துக் கேட்டார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே படுக்கையிலும், எழும்போதும் வலி அதிகமாகக் குறைந்திருந்தது. 2003ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் இது வெளிவந்தது. எல்லோருக்கும் நடுத்தரம்தான் சரி என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் "ஹார்டா இருந்தா நல்லது" என்று சொல்லி இன்னொருவர் வாயை அடைக்க இனி முடியாது என்று அர்த்தம்.

வாயை அடைப்பது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நம் வீடுகளில் மெத்தை வாங்குவது எப்படி? வீட்டுத்தலைவர் கடைக்குப் போவார். கையால் இரண்டு குத்து குத்திப் பார்ப்பார். "இது நல்லா கிண்ணுன்னு இருக்கு" என்பார். வண்டியில் ஏற்றிவிடுவார். யார் யார் படுக்கப்போகிறார்கள் என்ற பேச்சே வராது. அந்த அம்மாளுக்குத் தோள் வலித்தால் ஒரு பழைய சேலையை மடித்துப் போட்டுக்கொள்வார். அதுவும் சரிப்படவில்லை என்றால், "எனக்குக் கட்டில் ஒத்துக்காது" என்று பாயை விரித்துக் கீழே படுத்துக்கொள்வார். எங்கள் ஊரில் அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் பலரிடம் பேசிப் பார்த்துவிட்டேன். கட்டிலில் கணவர், தரையில் மனைவி. கேட்டால் பழகிப்போச்சு என்கிறார்கள். மார்கழிக் குளிரில் இந்த மலையில் சிமெண்டுத் தரையில் படுத்து, மூட்டுவலியோடு கையை ஊன்றி எழுந்திருப்பதில் பழகிப்போக என்ன இருக்கிறது? இரவில் ஒன்றுக்குப் போக எழுந்து தடுமாறி விழுகிறவர்களும் இருக்கிறார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் வத்தலக்குண்டுக்கோ மதுரைக்கோ கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

எப்போதும் பெண்தான் விட்டுக்கொடுக்கிறாள் என்றும் சொல்லமாட்டேன். மருமகள் ஆசைப்பட்டாள் என்று எட்டு அங்குல ஸ்பிரிங் மெத்தை வாங்கிவிட்டு, மூன்று வருஷமாக வராந்தாப் பெஞ்சில் தூங்குகிற மகனும் எனக்குத் தெரியும். யாரோ ஒருவர் மட்டுமே விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் என் வருத்தம். குடும்பத்தில் விட்டுக்கொடுக்க வேண்டிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன, நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் இரவு ஏழெட்டு மணி நேரம், வருஷம் முழுக்க, ஒருவர் உடம்பு நோகப் படுத்திருப்பதை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். காசு கொடுத்துத் தீர்க்க முடிகிற பிரச்சினையைப் பொறுமையால் தீர்க்கச் சொல்வது நியாயமில்லை.

இனி உறவுகளிடமிருந்து வரும் கேள்வி எனக்குத் தெரியும். "தனித்தனி மெத்தையா? ஏதும் மனஸ்தாபமா?" எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு மெத்தை போட்டபோது என் நாத்தனார் மெதுவாக என்னிடம் கேட்டார், "மதினி, அண்ணனோட ஏதும் பிரச்சினையா?" என்று. ஒரு பிரச்சினையும் இல்லை. அவர் நாற்பது வருஷம் தோட்ட வேலை பார்த்தவர். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறித்த உடம்பு. மல்லாந்து படுத்தால் விடியும்வரை அசையமாட்டார். அவருக்குத் தென்னை நார் மெத்தை, கெட்டியானது. எனக்குக் கரும்பலகையில் எழுதி எழுதி வலது தோள் தேய்ந்துவிட்டது, இடது பக்கம் ஒருக்களித்துத்தான் படுப்பேன். எனக்கு மேலே லேட்டக்ஸ் வைத்த மெத்தை. இரண்டும் மூன்றடி அகலம், ஒரே உயரம். மேலே ஒரே விரிப்பு. பார்க்கிறவர்களுக்கு ஒரே மெத்தையாகத்தான் தெரியும். இதைச் சொன்னதும் நாத்தனார் உட்கார்ந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார். பிறகு தன் வீட்டுக்கும் அளவெடுக்கச் சொல்லிவிட்டார்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது. ஜெர்மனியில் கணவன் மனைவி கட்டில் என்றாலே பெரும்பாலும் ஒரு சட்டத்துக்குள் இரண்டு மெத்தைதான். 180 சென்டிமீட்டர் கட்டிலில் 90 சென்டிமீட்டர் மெத்தை இரண்டு. போர்வையும் ஆளுக்கு ஒன்று. நடுவில் வருகிற இடைவெளியை மூட ஃபோமில் ஒரு பட்டை விற்கிறார்கள். அதற்கு லீபெஸ்ப்ரூக்கெ என்று பெயர், அதாவது அன்புப் பாலம். ஒரு நாடே இப்படித் தூங்குகிறது. அங்கே யாரும் இதை மனஸ்தாபம் என்று நினைப்பதில்லை. அமெரிக்காவில் இன்னொரு வழி செய்திருக்கிறார்கள். மெத்தைக்குள் இரண்டு பக்கமும் தனித்தனிக் காற்றுப்பை. பட்டனை அழுத்தினால் உங்கள் பக்கம் மட்டும் கெட்டியாகும் அல்லது இளகும். 1987இல் மினசோட்டா மாநிலத்தில் தொடங்கிய ஸ்லீப் நம்பர் கம்பெனி இதில் பேர்போனது. மின்சார மோட்டார், குழாய் எல்லாம் உண்டு. மழைக்காலத்தில் நம் ஊரில் கரண்டு எத்தனை நேரம் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். நமக்கு அது வேண்டாம்.

நமக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. ஆளைப் பார்த்து மெத்தை செய்கிற வழக்கம் நம் பக்கத்திலேயே இருந்தது. இலவம் பஞ்சு என்றால் போடிநாயக்கனூர்தான். மலையடிவாரத் தோட்டங்களில் இலவ மரங்கள், காய் வெடித்துப் பஞ்சு பறக்கிற கோடைக்காலம், "இலவு காத்த கிளி" பழமொழி எல்லாம் நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இலவம் பஞ்சு இழை உள்ளே வெறும் குழல். அதனால்தான் அவ்வளவு லேசு. தண்ணீரில் மிதக்கும், முன்பு கப்பல்காரர்களின் உயிர்காப்பு உடுப்புக்குள் இதைத்தான் அடைத்தார்கள். நூலாக நூற்க எளிதில் வராது, மெத்தைக்கும் தலையணைக்கும்தான் உகந்தது.

பழைய மெத்தைக்காரர் வீட்டுக்கு வந்தால் முதலில் யாருக்கு என்று கேட்பார். பிரசவித்த பெண்ணுக்கா, படுக்கையில் கிடக்கிற பெரியவருக்கா, புதுமணத் தம்பதிக்கா. அதற்குத் தகுந்தபடி பஞ்சின் எடையைச் சொல்வார். ஒரே உறையில் பஞ்சு அதிகம் திணித்தால் கெட்டி, குறைத்தால் மெத்து. அவ்வளவுதான் சூட்சுமம். இன்று கம்பெனிகள் 'கஸ்டமைஸ்டு' என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்வதை அவர் ஒரு தராசையும் கோணி ஊசியையும் வைத்துக்கொண்டு செய்தார். இப்போதும் போடி, பெரியகுளம் பக்கம் நேரில் போய்ச் சொன்னால், மூன்றடி மெத்தை இரண்டு, ஒன்றில் பஞ்சு கூட்டி, ஒன்றில் குறைத்துச் செய்து வாங்கலாம். உறைத்துணியும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் மலையில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இலவம் பஞ்சு மெத்தைக்கு வெயில் வேண்டும். அவ்வப்போது காயப்போட்டுத் தட்டிவிட்டால்தான் பஞ்சு மலரும். இல்லாவிட்டால் கட்டி தட்டிப்போகும். எங்கள் பக்கம் காப்பிக்கொட்டை காயப்போடுகிற களத்தில்தான் மெத்தையையும் காயப்போடுவோம். ஐப்பசி கார்த்திகையில் பத்து நாள் தொடர்ந்து வெயிலே இல்லாமல் போகும். அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பஞ்சு மெத்தையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கீழே வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரையில் இருப்பவர்களுக்கு மிகவும் நல்லது.

இனி கடைக்குப் போகிறவர்களுக்கு. அங்கே காதில் விழும் மூன்று வார்த்தைகளுக்குச் சரியான பொருளைத் தெரிந்துகொண்டு போங்கள்.

முதலாவது, 'டூயல் கம்ஃபர்ட்'. என்னிடம் படித்த ஒருவன் இதைக் கேட்டு, இடது பக்கம் ஒரு மாதிரி, வலது பக்கம் ஒரு மாதிரி இருக்கும் என்று நம்பி ஆன்லைனில் வாங்கினான். வந்தது வேறு. நம் நாட்டில் டூயல் கம்ஃபர்ட் என்று விற்பது பெரும்பாலும் மேல்பக்கம் மெத்து, புரட்டிப் போட்டால் கெட்டி என்கிற மெத்தை. ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பக்கம்தான் கிடைக்கும். புருஷனும் பொண்டாட்டியும் முறை வைத்துப் புரட்டவா முடியும்? உங்களுக்கு வேண்டியது இடம் வலம் பிரித்தது. அதைத் தெளிவாகக் கேளுங்கள். ஒரே உறைக்குள் இரண்டு தனித்தனிப் பாதிகள் வைத்து ஜிப் போட்டுத் தருபவர்களும் இருக்கிறார்கள். அது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் இரண்டு சிங்கிள் மெத்தை போதும்.

இரண்டாவது, 'டென்சிட்டி'. கடைக்காரர் "இது நாற்பது டென்சிட்டி சார், நல்ல ஹார்டு" என்பார். அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமில் எத்தனை கிலோ சரக்கு இருக்கிறது என்பது. அது எத்தனை வருஷம் உழைக்கும் என்பதற்கு ஓரளவு அடையாளம். அடர்த்தி அதிகமாகவும் மெத்தென்றும் ஒரு ஃபோம் இருக்க முடியும். ஆகவே இருவருக்கும் அடர்த்தி நல்லதாகவே வாங்குங்கள், கெட்டித்தன்மையை மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி மாற்றுங்கள். மெத்தென்று கேட்டவருக்கு மலிவான ஃபோமைத் தலையில் கட்டிவிடுவார்கள், கவனம். அது இரண்டே வருஷத்தில் குழி விழும்.

மூன்றாவது, 'மெமரி ஃபோம்'. விமான இருக்கைகளுக்காக அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆராய்ச்சியில் 1966இல் பிறந்த பொருள். உடம்புச் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கு அமுங்கும். அதன் குணமே வெப்பத்தைப் பொறுத்தது. மதுரை வெயிலில் கடையில் படுத்துப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். அதையே தாண்டிக்குடிக்கோ பண்ணைக்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ கொண்டுவந்து மார்கழி இரவில் படுத்தால், முதல் கால்மணி நேரம் பலகை. உடம்புச் சூடு ஏறிய இடம் மட்டும் இளகும், புரண்டு படுத்தால் மறுபடியும் பலகை. மலையில் மெத்தென்று வேண்டுகிறவருக்கு லேட்டக்ஸ் மேல். குளிரில் அது அவ்வளவு இறுகாது. ஆனால் லேட்டக்ஸை நேர் வெயிலில் காயப்போடக்கூடாது, ரப்பர் கெட்டுப்போகும். நிழலில் நிறுத்திவைத்துக் காற்றாட விட்டால் போதும்.

கெட்டி வேண்டுகிறவருக்குத் தென்னை நார் மெத்தை, அதாவது நாரில் ரப்பர்ப் பால் தெளித்து அழுத்திய தகடு, நல்ல தேர்வு. ரீபாண்டட் ஃபோம் என்பது ஃபோம் துண்டுகளை ஒட்டி அழுத்தியது, மிகவும் கெட்டி, கனமும் அதிகம். ஸ்பிரிங் வாங்குவதானால், எல்லா ஸ்பிரிங்கும் கம்பியால் பின்னிய வகையில் ஒருவர் புரண்டால் மற்றவரும் ஆடுவார். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித் துணிப்பையில் இருக்கிற 'பாக்கெட் ஸ்பிரிங்'கில் அந்த ஆட்டம் குறைவு. இரண்டு தனி மெத்தை போட்டுவிட்டால் இந்த ஆட்டப் பிரச்சினையே பெரும்பாலும் தீர்ந்துவிடும். கனமானவர் பக்கம் குழி விழுந்து மற்றவர் அதில் உருள்வதும் இருக்காது.

வாங்கும்போது செய்யவேண்டியவை, வரிசையாக:

1. இருவரும் சேர்ந்தே கடைக்குப் போங்கள். சீர் மெத்தையானால் பொண்ணையும் மாப்பிள்ளையையும் அனுப்புங்கள். சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்காதீர்கள். படுக்கப்போவது அவர்கள்தான்.

2. கையால் குத்திப் பார்ப்பது வேண்டாம். வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே பத்துப் பதினைந்து நிமிஷம் படுத்துப் பாருங்கள். கூச்சம் வேண்டாம். மல்லாந்து படுத்தால் இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் உங்களுக்கு அது கெட்டி அதிகம். நுழையவே முடியாமல் இடுப்பு புதைந்திருந்தால் இளக்கம் அதிகம். லேசாக உரசிக்கொண்டு போனால் சரி.

3. இரண்டு மெத்தையும் நீளமும் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆறடி அகலக் கட்டிலுக்கு 36 அங்குல அகலத்தில் இரண்டு. ஒன்று ஆறு அங்குலம், ஒன்று எட்டு அங்குலம் என்று வாங்கினால் நடுவில் படிக்கட்டாகிவிடும். வெவ்வேறு கடையில் வாங்குகிறவர்கள் டேப் எடுத்துப் போங்கள். கட்டிலின் உள் அளவை வீட்டிலேயே எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. நடுவில் உள்ள இடைவெளிக்கு: இரண்டையும் சேர்த்து ஒரே இறுக்கமான உறை போடலாம், சுற்றி ஒரு பெல்ட் கட்டலாம், மேலே ஒரு மெல்லிய பஞ்சு விரிப்புப் போடலாம். கைக்குழந்தையை நடுவில் படுக்கவைக்கிற வீடுகளில் இதில் அலட்சியம் கூடாது. இடைவெளி துளியும் இருக்கக்கூடாது. முடிந்தால் குழந்தைக்குத் தொட்டில்தான் நல்லது.

5. கட்டிலையும் பாருங்கள். நடுவில் தாங்குகட்டை இல்லாத கட்டிலில், நடு பிளைவுட் தொய்ந்து இரண்டு மெத்தையும் உள்ளே சாயும். மெத்தையைக் குறை சொல்லிப் பயனில்லை.

6. வயதானவர்களுக்கு உயரம் முக்கியம். கட்டிலும் மெத்தையும் சேர்ந்து முழங்கால் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படியவேண்டும். குள்ளமான அம்மாவுக்கு உயரமான கட்டிலில் பத்து அங்குல மெத்தை போட்டுக்கொடுத்தால், அவர் இறங்கப் பயந்து மறுபடியும் பாய்க்கே போய்விடுவார்.

7. ஆன்லைனில் நூறு நாள் படுத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்பார்கள். உங்கள் பின்கோடுக்கு வந்து எடுத்துப்போவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். மலைக்குக் கொண்டுவந்து போடுவார்கள், திரும்ப எடுக்க வருவார்களா என்பது வேறு கேள்வி. சொல்லிச் செய்த அளவு என்றால் பெரும்பாலும் திருப்பி எடுக்கமாட்டார்கள். அதையும் படித்துப் பாருங்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மெத்தை என்றால் இரண்டு மடங்கு செலவு என்று பயப்படாதீர்கள். ஆறடி அகல மெத்தை ஒன்றும், மூன்றடி மெத்தை இரண்டும் பரப்பில் ஒன்றுதான். விலையும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் வரும். பின்னால் ஒன்று பழுதானால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். வயதாக ஆக ஒருவருக்கு உடம்பு மாறும், ஆபரேஷன் நடக்கும், எடை கூடும் குறையும். அப்போது அவர் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். தனியாகத் தூக்கி வெயிலில் போடுவதும் எளிது. ஆறடி மெத்தையை இரண்டு வயதானவர்களால் நகர்த்தவே முடியாது.

புது மெத்தை வாங்க இப்போது வசதியில்லை என்பவர்கள் வருத்தப்பட வேண்டாம். இருக்கிற மெத்தையிலேயே ஒரு பக்கத்தை மாற்றலாம். கெட்டி மெத்தை என்றால், மெத்து வேண்டுகிறவர் பக்கம் மட்டும் மூன்றடி அகலத்தில் இலவம் பஞ்சு விரிப்பு ஒன்று தைத்துப் போடுங்கள். பவானி ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். மெத்தை இளகியிருக்கிறது என்றால், கெட்டி வேண்டுகிறவர் பக்கம் மெத்தைக்குக் கீழே ஒரு பிளைவுட் பலகையைச் செருகுங்கள், குழி விழுவது குறையும். இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற பஸ் செலவும் மருந்துச் செலவும் சேர்ந்ததைவிட அதிகம் இருக்காது.

ஒன்றையும் மறக்காமல் சொல்லிவிடுகிறேன். கால் மரத்துப்போவது, இரவில் வலி எழுப்பிவிடுவது, வலி காலுக்கு இறங்குவது என்றால் அது மெத்தைக் கடையில் தீராது. டாக்டரைப் பாருங்கள்.

இதைப் படிக்கிற என் மாணவர்களில் பலருக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. ஊரில் அப்பா அம்மா இருக்கிறார்கள். தீபாவளிக்கு டிவி வாங்கித் தருகிறீர்கள், செல்போன் வாங்கித் தருகிறீர்கள், சந்தோஷம். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் அவர்கள் எங்கே, எதன்மேல் படுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்றால், "ஏம்மா கீழ படுத்திருக்க?" என்று கேளுங்கள். "பழகிப்போச்சு" என்பார். அதை நம்பாதீர்கள். மறுநாள் காலை கட்டிலை அளந்துகொண்டு, இருவரையும் கூட்டிக்கொண்டு கீழே கடைக்குப் போங்கள். அவரவரைப் படுக்கவைத்துப் பார்த்து வாங்குங்கள்.

எந்த மெத்தை என்று குழப்பமாக இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம், அப்போது தூங்கிக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
தாண்டிக்குடி